கமெண்ட்ரி அக்காவின் இரண்டு ஓட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கமெண்ட்ரி அக்கா என்று பேர் வைத்தவள் நான்தான். போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "வாசப்படி வருது, இந்தப் பக்கம் வாளி, தரை ஈரமா இருக்கு" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். கூட வருகிற எனக்கென்ன கண்ணா தெரியாது? ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து கிண்டல் செய்தோம். காரணம் தெரிந்த பிறகு கிண்டல் நின்றுவிட்டது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படியில்லை. சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆளுங்கட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனிமேல் ஆலைகளுக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முதலாளியே எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். முதலாளியும் எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு என்ன, பேனா இருந்தால் போதாதா? நீராவிக் குழாய் வெடித்தது இவர் முகத்துக்கு நேராக.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு அவர் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "என்கிட்ட எதையும் பூசி மெழுகாத. சட்டையில கறை இருந்தா கறைன்னு சொல்லு. மூஞ்சி பாக்க சகிக்கலன்னா அதையும் சொல்லு. நீ ஒண்ணே ஒண்ண மறைச்சன்னு தெரிஞ்சாகூட, அப்புறம் நீ சொல்ற எதையும் என்னால நம்ப முடியாது."

அவள் முகத்தைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டவளுக்கு மற்றதெல்லாம் எம்மாத்திரம்? படி, பள்ளம், பக்கத்து வீட்டுக்காரியின் புதுச் சேலை, தட்டில் எது எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். அப்படித்தான் வாய் ஓயாமல் போனது.

நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆளுங்கட்சிக்காரன் ஒருவனும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எதிர்க்கட்சியிலிருந்து ஒரு பையன் வந்தான். வாய்தாவுக்கு வாய்தா வண்டி கொண்டுவந்து, கையைப் பிடித்து ஏற்றி, கோர்ட் வராந்தாவில் நாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருப்பான். நாங்க வந்தா அந்தச் சட்டத்தைத் தூக்கிடுவோம் என்பான். அவர் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தம்பி வருகிற நாளில் இவர் விடிந்ததுமே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதற்கு அந்தப்புறம், பிழைக்க வந்தவர்களின் வீடுகள் ஒரு வரிசை. அவர்கள் பேச்சு வேறு. அதில் ஒரு தையல்காரி இருந்தாள். பாய்லர் வெடித்து இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்காவின் மகளைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துச் சோறு போட்டவள் அவள்தான். வந்தவர்களெல்லாம் நம் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று எதிர்க்கட்சி மேடைக்கு மேடை பேசியது. பேச்சு முற்றி, ஒரு சாயங்காலம் அந்த வரிசை எரிந்தது. அக்கா அப்போதுதான் வேலை முடிந்து பாலத்தில் வந்துகொண்டிருந்தாள். கையில் மண்ணெண்ணெய்க் கேனோடு முன்னால் நின்றவன் தம்பி. தையல்காரி மிஷினைக்கூட எடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார். "என்ன புகை நாத்தம்? எங்க எரியுது?"

அவருக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான். அவனையும் பிடுங்கிக்கொள்ள இவளுக்கு மனசு வரவில்லை. "கரண்டு கோளாறாம்" என்றாள்.

பிறகு நாடு முழுக்கத் தேர்தல் வந்தது. இரண்டு கட்சியும் ஒலிபெருக்கியில் நம் காதைக் கிழித்தன. நிற்கிறவர்களில் ஜெயிக்கக்கூடியவர்கள் அந்த இரண்டு பேர்தான். நான் சுவரொட்டியைப் பார்த்துத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கிற ரகம். அக்காவுக்கு அப்படி முடியவில்லை. கண் தெரியாதவருக்கு வீட்டு ஆள் ஒருவர் கூடப் போய் ஓட்டுப் போடலாம் என்று விதி இருக்கிறது. அவர் பட்டன் இவள் கையில். "தம்பி சின்னத்துல அழுத்திடு" என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்வை மடிக்கும்போது இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். ஈரப் போர்வை என்றால் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வேலையில் இல்லை.

"இதுல என்னக்கா யோசனை? உனக்குச் சரின்னு பட்டதை அழுத்து. அவருக்கா தெரியப்போகுது?" என்றேன்.

"அவருக்குத் தெரியாதுங்கறதாலதான்டி முடியல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டாள். தெரியாமலேயே அவர் ஓட்டு அந்தத் தீக்குப் போகக்கூடாது, தெரிந்துகொண்டு அவரே முடிவு செய்யட்டும் என்று நினைத்தாளாம்.

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க."

"கேன் யார் கையில இருந்துச்சு?"

"தம்பி கையில."

"கரண்டு கோளாறுன்னியே" என்றாராம். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றாள் அக்கா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் சவரம் செய்யாமல் வந்திருந்தார். வழக்கமாக என் குரல் கேட்டால், "என்ன, இன்னிக்காவது போர்வை வெளுத்துச்சா?" என்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது அக்காவுக்கு இரண்டு கையிலும் மை இருந்தது. இடது கையில் அவள் ஓட்டுக்கு, வலது கையில் அவர் ஓட்டுக்கு.

உள்ளே நடந்ததை மறுநாள் போர்வை முனையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். முதலில் அவளுடைய ஓட்டு. தையல்காரியை நினைத்துக்கொண்டு ஆளுங்கட்சிச் சின்னத்தை அழுத்தியிருக்கிறாள். அவர் கண்ணைக் கொண்டுபோன சின்னம். வீடு கொளுத்தியவனைத் தடுக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து அவரைத் திரைக்குள் கூட்டிப்போனாள்.

"இப்ப சொல்லுங்க. எதை அழுத்தட்டும்?"

அவர் பட்டன்கள்மேல் கையை வைத்தார். தடவிப் பார்த்தார். எடுத்துவிட்டார்.

"நீயே அழுத்து. எதுன்னு என்கிட்ட சொல்லாத."

"எதை அழுத்தினக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"தம்பி சின்னத்தை."

"அவன் செஞ்சதைப் பாத்தப்புறமுமா?"

"அது அவர் ஓட்டுடி. வேண்டாம்னு அவர் சொல்லல, சொல்லாதன்னுதான் சொன்னாரு. என் ஓட்டுல அவருக்குத் துரோகம் பண்ணேன், அவர் ஓட்டுல அவளுக்குத் துரோகம் பண்ணேன். எல்லாம் இந்தக் கையாலதான்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. போர்வையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"போகட்டும்க்கா, அவரு இன்னும் ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அடுத்த போர்வையை எடுத்து உதறினாள். "ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்தோம் இல்ல, அங்க படி இருக்குன்னு சொன்னேன். அவரு காலால தடவிப் பாத்துட்டுதான்டி இறங்கினாரு."