சித்தப்பாவின் அறையில் சலமண்டர்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னால் ஏறாது. பள்ளிக்கூடத்தின் மாசி விடுமுறைக்கு வகுப்பில் வளர்த்த சலமண்டரைக் கண்ணாடித் தொட்டியோடு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எனக்கு அது தெரிந்துவிட்டது. கறுப்பு உடம்பு, மஞ்சள் திட்டுகள், என் ஒரு சாண் நீளத்தைவிடப் பெரிசு. அது செத்துப்போனால் வகுப்பில் நான் முகம் காட்ட முடியாது.

"பல்லிதானே," என்றார் அப்பா.

பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம் என்றேன். குளிர்ந்த காட்டில் உக்கிய மரக்கட்டைக்கு அடியில் கிடக்கும், வெயிலுக்கு வராது, மழை பெய்தால் உலாவும், தோல் காய்ந்தால் செத்துவிடும் என்று ஆசிரியை சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லுமோ?" என்றார். பல்லி சொன்னால் பலன் பார்ப்பவர் அவர். சத்தமே போடாது என்றதும், "சொல்லாத பல்லியை என்னத்துக்கு வளர்க்கினம்?" என்று அலுத்துக்கொண்டார்.

மறுநாள் தொட்டி ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னலடிக்கு மாற்றினேன். குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் ஹீட்டரடியில். "பாவம், விறைச்சுப் போகும்," என்றார் அம்மா. அப்பா தன் பங்குக்கு மேசை விளக்கைத் திருப்பி அதன் முதுகில் வெளிச்சம் பிடித்தார். சலமண்டர் நான் போட்ட மண்புழுவைத் திரும்பியும் பாராமல் பாசிக்குள் தலையைப் புதைத்துக் கிடந்தது. நான் கத்தினேன், அழுதேன். யார் கேட்டார்கள்?

அப்போதுதான் பின்பக்கச் சின்ன அறை நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன சித்தப்பா அதில் இருந்தார், எந்நேரமும் ஜாக்கெட்டோடு. அங்கே ஹீட்டர் கிடையாது. வெயில் எட்டிப் பார்க்காது. சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இப்படியொரு காட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டா இத்தனை பாடு!

சித்தப்பா கட்டிலில் காலை ஒடுக்கித் தொட்டிக்கு இடம் விட்டார். அடுத்த நாளே சலமண்டர் புழுவைத் தின்றது.

"சித்தப்பா, அதுக்கு வேண்டியதெல்லாம் உங்கடை அறையிலைதான் இருக்கு!"

"ஓம் பிள்ளை, அது சுகமாத்தான் இருக்குது," என்றார்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் ஓடினேன். வீட்டிலேயே குளிரான, ஈரமான, இருட்டான இடம் அந்த அறைதான், உங்களுக்கு இது தோன்றவில்லையா என்று பொரிந்து தள்ளினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயடைத்துப் போனார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் அப்பா புது ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்து சித்தப்பாவின் அறையில் வைத்தார்.

"எத்தினை தரம் சொன்னனான், அதுக்குச் சூடு கூடாது எண்டு!" என்று வீடு அதிரக் கத்தினேன். அப்பா தொட்டியைத் தூக்கிக் குளிர்காற்று வரும் கூடத்துக் கதவடியில் வைத்தார். நான் இன்னும் கத்திக்கொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் சித்தப்பா ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.