மாஸ்டர் வண்டிக்கு ஆயில் கேன் மாட்டிய ஞாயிறு

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். வண்டி ஓடுகிற வரைக்கும் அவர் வாயும் ஓடும். "கண்ணாடியில உங்க தலைமுடியைப் பார்க்காதீங்க, பின்னாடி வர்ற லாரியைப் பாருங்க" என்பார். திட்டினாலும் யாருக்கும் கோபம் வராது. இறங்கிப் போகும்போது சிரித்துக்கொண்டே போவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் குனிந்த தலை நிமிராமல் ஃபிரேமில் லென்ஸ் பொருத்துகிறவள். இயல்பிலேயே பேச்சு குறைவு. அவர் பேசுவார், அவள் உம் கொட்டுவாள். குடும்பம் அப்படியே நன்றாக ஓடியது.

அந்த வருஷம் சாப்பாட்டு நேரத்துப் பேச்செல்லாம் ஆயில் கேட்ச் கேன் பற்றித்தான். அவருடைய டீசல் கார், அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் வைத்த பயிற்சி வண்டி, பழசாகிவிட்டது. புகை கக்க ஆரம்பித்திருந்தது. அவர் அவளுக்கு விளக்கினார்: இன்ஜினும் நம்மைப் போல மூச்சு விடும். அந்த மூச்சில் எண்ணெய் ஆவி கலந்து வரும். ஒரு குழாய் வழியாக அதை இன்ஜினே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெயும் கரியும் சேர்ந்து உள்ளே பசைபோல அப்பிவிடும். அந்தக் குழாயின் நடுவில் ஒரு சின்ன டப்பாவை வைத்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும். வெறும் காற்று மட்டும் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது அவள் அடுப்பை அணைக்க எழுந்து போயிருந்தாள்.

டப்பாவுக்குச் சொல்லிவைத்துவிட்டு அவர் காத்திருந்தார். அது வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

ஒரு மருந்துக்கடைக்காரர் அவரிடம் புதிதாகக் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். பெரிய சாலையில் போகும்போது மாஸ்டர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். இன்றைக்குத் திட்டே விழவில்லையே, நன்றாக ஓட்டுகிறோம் போலிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் மகிழ்ந்துபோய் இன்னும் இரண்டு தெரு தாண்டி ஓட்டினார். சிக்னலில் நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல், "சரி."

பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. அவருக்கு எல்லாம் புரிகிறது, என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது, ஆனால் வாய்க்கு வருகிற சொல் அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அதைக் கேட்கும்போது விளங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு, சரி என்று ஒருவர் சொல்லும்போது அதை இல்லை என்று எடுத்துக்கொள்ள மனசு பழகவில்லை.

அவர் வீடு திரும்பிய சில நாட்களில் பார்சல் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு அலுமினிய டப்பா, மேலே குழாய் மாட்ட இரண்டு மூக்கு, கூடவே ரப்பர் குழாய். இடது கையால் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் முகத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. அன்றே தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். கைவேலைக்காரன். அத்தான் மேல் உயிரையே வைத்திருந்தான். கார் அவனுக்குப் பழக்கம் இல்லை, ஆனால் இது என்ன, ஒரு டப்பா, இரண்டு குழாய், நான்கு கிளாம்ப் என்றான். வீடியோ பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கருவிப் பையோடு வந்துவிட்டான்.

குடியிருப்பின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. அவள் மாஸ்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பானெட்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாள். தம்பி பழைய குழாயைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டு எடுத்தபோது விரல் கறுப்புச் சாயம் பூசியதுபோல் வந்தது. அதை அத்தானிடம் காட்டினான். அவர் "சரி" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். பாட்டரிக்குப் பக்கத்தில் ஒரு தகட்டை முடுக்கி அதில் டப்பாவை நிறுத்தினான். இன்ஜினிலிருந்து டப்பாவுக்கு ஒரு குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது.

திரும்பிப் போக வேண்டிய குழாய்தான் எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.

தம்பி யோசித்தான். ஃபிரிட்ஜ் வேலையில் திறந்து கிடக்கிற குழாய் வாயைப் பார்த்தாலே அவனுக்குக் கை பரபரக்கும். கசிவு இல்லாமல் அடைப்பதுதான் அங்கே நல்ல வேலை. "குழாய் அடுத்த வாரம் வாங்கி மாட்டிடறேன் அக்கா. இப்போதைக்கு ரெண்டு ஓட்டையையும் அடைச்சு வச்சுடலாம், தூசி போகாது" என்றான். டப்பாவின் இரண்டாவது மூக்கிலும், இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில் இருந்த துளையிலும் ரப்பர் மூடி போட்டு கிளாம்பை நன்றாக இறுக்கினான்.

"சரி" என்றார் மாஸ்டர். பிறகு சத்தமாக, "சரி. சரி. சரி." இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்.

"பாருக்கா, அத்தானுக்கு எவ்வளவு சந்தோஷம்னு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. தம்பி ஆக்சிலேட்டரை நான்கைந்து முறை அழுத்திப் பார்த்தான். காலை எடுத்தான். சத்தம் இறங்கவில்லை. அவன் எதையும் மிதிக்காமலே ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை. சாவியை உருவி எடுத்துக்கொண்டு வெளியே குதித்தான். சாவி அவன் கையில் இருக்க, வண்டி அலறியது. வெள்ளைப் புகை தகரக் கூரையை மூடியது. ஸ்பேனரை எடுத்து பாட்டரி வயரைக் கழற்றினான். அதற்கும் அது மசியவில்லை. மேல்மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தம்பி கையைப் பிசைந்துகொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அவள் அப்போது வண்டியைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் சிவந்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை முஷ்டி பிடித்து முன்னால் முன்னால் தள்ளியது. இடது கால் தரையை மிதித்து, சட்டென்று மேலே எழும்பியது. மறுபடி மிதித்தது, மறுபடி எழும்பியது. வாய் நிற்காமல் "சரி, சரி, சரி" என்று கத்தியது. இன்னொரு முறை வரலாம், வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் கேட்டது. ஓடிப் போய் அவர் கையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். முழங்காலைத் தன் முழங்காலால் அழுத்தினாள்.

"ஒண்ணும் இல்லைங்க. பதறாதீங்க. நான் இருக்கேன்."

அவர் திமிறினார். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் உடம்பில் மிச்சமிருந்த பலம் முழுவதும் அந்தக் கையிலும் காலிலும் இருந்தது. அதை அவள் அசையவிடவில்லை.

இரும்பு உடைகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு நிசப்தம். வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய் மெல்லப் பரவி வந்தது. மாஸ்டர் கத்துவதை நிறுத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, நல்லவேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

மறுநாள் கராஜ் மெக்கானிக் வந்து பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் பழகியவர். மூடிகளைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். மூச்சு வெளியே போக வழியில்லாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் காற்று போகிற வழியில் கொட்டும், டீசலுக்குப் பதிலாக இன்ஜின் அந்த எண்ணெயையே குடித்து ஓடும், அப்புறம் சாவிக்கு அங்கே வேலை இல்லை என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள்தான் கேட்டாள், நிறுத்த வழியே இல்லையா என்று.

"இருக்கு அக்கா. டாப் கியர்ல போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, கிளட்சைப் பட்டுனு விட்டா நின்னுடும். மாஸ்டர் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்காரே."

முன்னால் தள்ளிய முஷ்டி. மிதித்து மிதித்து எழும்பிய இடது கால். அவள் வீட்டுக்குள் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லிட்டுதான் இருந்திருக்கீங்க. நான்தான் பிடிச்சுட்டேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல உதடு கூடியது. பிறகு வேண்டாம் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் அவள் நடந்ததைச் சொல்லி அழுதாள். வாயை நம்பாதீர்கள், கையைப் பிடித்துக் கேளுங்கள் என்றாள் அந்தப் பெண். ஒருமுறை அழுத்தினால் ஆமாம், இரண்டு முறை அழுத்தினால் இல்லை. மாஸ்டர் கற்றுக்கொண்டார். ஆனால் களைத்திருக்கும் நாட்களில் அவருக்கு இரண்டும் குழம்பும். காபி வேண்டுமா என்றால் இரண்டு அழுத்து அழுத்துவார். வேண்டாமாக்கும் என்று டம்ளரைத் திருப்பி எடுத்துப்போனால் முகம் சுருங்கும்.

இன்ஜின் தேறாது என்று ஆனபிறகு வண்டியைத் தூக்கிப்போக லாரி வந்தது. கொடுத்துவிடட்டுமா என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டாள். இரண்டு முறை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து ஒருமுறை. அதன்பிறகு பிடித்த கையை விடவே இல்லை. எதைக் கணக்கில் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரிக்காரருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்ச் சாவியைக் கொடுத்தாள்.

தம்பி பல வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒருநாள் மாலை வந்தான். மாஸ்டரின் காலடியில் உட்கார்ந்து, காலைக் கட்டிக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க அத்தான்" என்று அழுதான். மாஸ்டர் இடது கையை அவன் தலைமேல் வைத்து லேசாகத் தள்ளினார். ஆசீர்வாதமா, காலை விடு என்றாரா, எழுந்து போ என்றாரா, பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு விளங்கவில்லை. தம்பி மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி எழுந்தான். அவள் அவனுக்குக் காபி போட உள்ளே போனாள்.