கல்யாண சீடியில மைனி கட்டுன சேல

நெசமாத்தாம் பிள்ள சொல்லுதேன், மைனி சிரிச்சா! பல்லு தெரியச் சிரிச்சா. ஆமா, எங்க நாத்தனாதான், அம்பாசமுத்திரத்துக்காரி, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கூடப்பொறந்த அக்கா. நேத்து எங்க வீட்டுல ஒரே சத்தம்னு கேட்டியே, அது சண்டையில்ல. டிவியில எம் மவ கல்யாணம் ஓடிக்கிட்டிருந்து. இங்கன நெழல்ல உக்காரு, மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும்.

பேத்திக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம்லா. பத்திரிக்க, வெத்தல பாக்கு, பழம் எல்லாம் தட்டுல வச்சு, நானும் மருமவளும் பஸ் ஏறி மைனி வீட்டுக்குப் போனோம். தட்ட வாங்கிட்டா. வாங்கிட்டு, "பாப்போம், ஒடம்பு சரியா இருந்தா வாரேன்"ங்கா. அவ ஒடம்புக்கு என்ன கேடு? மாடி ஏறி மோர்மொளகா காயப்போட்டுட்டு வாரா, மூச்சுகூட வாங்கல. எங்க வழக்கத்துல பந்தக்கால் நடும்போது வீட்டுல மூத்த சுமங்கலிதான் மொத மஞ்சத் தடவணும். அவள விட்டா மூத்தவ யாரு இருக்கா? அவ இல்லாமப் பந்தக்கால் நட்டா, வந்தவங்க எல்லாம் மைனி எங்க, மைனி எங்கன்னுதான கேப்பாவ. மருமவ பஸ்ஸுல வரும்போதே கண்ண கசக்கிட்டா. அவ மவ கல்யாணம் பாத்துக்கோ.

எல்லாம் ஒரு சேலயால வந்த வம்பு. எம் மவ கல்யாணத்துல, அத்தை மொறைக்கு மைனிக்கு நான் பட்டு எடுத்துக் குடுத்தேன். அரக்குக் கலரு, டவுண்ல ரதவீதிக் கடையில நானே ஏறி எறங்கி எடுத்தது. மைனி சொல்லுதா, அது அரக்கு இல்லியாம், பச்சயாம். எங்க புது வீட்டுப் பால்காச்சுக்கு அவ எனக்குக் குடுத்த கிளிப்பச்சப் பட்ட, மடிப்புக் கலையாம அவளுக்கே திருப்பிக் குடுத்துட்டனாம். எப்பிடி இருக்கு? சேலயக் காட்டு பாப்போம்னா, அந்தச் சேலயப் பழைய சரிகைக்காரன்ட்ட போட்டு ஏனம் பாத்திரம் வாங்கிட்டாளாம். சரி, அவ குடுத்த பச்சய நான் காட்டலாம்னா, நானும் அதே சரிகைக்காரன்ட்ட போட்டு இட்லிக் கொப்பர வாங்கியாச்சு. ரெண்டு சேலயும் போயிட்டு. கோவம் மட்டும் புதுசு கணக்கா இருக்கு.

மருமவதான் ரோசன சொன்னா. பாளையங்கோட்டையில பள்ளிக்கூடத்து டீச்சர்லா, நாலும் ரோசிப்பா. "அத்தே, கல்யாண சீடி இருக்குல்லா, போட்டுப் பாத்துருவோம்"னா. அவளே போனப் போட்டு, "பெரியத்தே, வந்து பாருங்க, பச்சன்னா எங்கத்தைய உங்க கால்ல விழச் சொல்லுதேன்"னுட்டா! நான் பக்கத்துலதான் நிக்கேன். நேத்து மத்தியானம் மைனி வந்து எறங்குனா பாரு, கேசு செயிச்ச மொகம்.

சீடி போட்டுப் பாக்குத பொட்டி பரண்ல கெடந்து. வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு எறக்கித் தொடச்சுப் பொட்டு வைப்பேன், திரும்ப ஏத்திருவேன். படம் போட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. சீடி பத்துப் பன்னெண்டு கெடக்கும், எனக்கு எழுத்தா தெரியும்? அதனால கல்யாண சீடிக்கு மட்டும் அன்னைக்கே ஒரு குங்குமப் பொட்டு வச்சிருந்தேன். மருமவ எடுத்துப் பாத்துட்டு, "அய்யோ அத்தே, மிஷினு பாக்கற பக்கத்துலயா வச்சிய?"ங்கா. பின்ன எந்தப் பக்கம் வைக்க? கண்ணாடி கணக்கா மினுங்குத பக்கந்தான மொகம்? பழைய வேட்டித் துணியால பைய தொடச்சு எடுத்தோம்.

அடுத்து வயரு. பொட்டியில இருந்து மூணு வயரு வருது, சிவப்பு, வெள்ள, மஞ்ச. பழைய டிவியில மூணு ஓட்டையும் அதே கலர்ல இருக்கும், நான் எத்தனையோ தடவ சொருகியிருக்கேன். படிப்பா வேணும் அதுக்கு? இந்தப் புது டிவி செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கி. மருமவ கன்னத்தச் செவுத்துல வச்சு எட்டிப் பாக்கா, நான் போன் வெளிச்சத்தப் பிடிக்கேன்.

"என்ன தெரியுது?"ங்கேன்.

"சிவப்பு இருக்கு, வெள்ள இருக்கு. இன்னொரு சிவப்பும் இருக்கு. நீலம் இருக்கு, பச்ச இருக்கு. மஞ்சளக் காணும் அத்தே."

கல்யாண வீட்டுல மஞ்ச இல்லன்னா எப்பிடி! மைனி சோபாவுல இருந்து, "மஞ்சளப் பச்சயில சொருகு, எல்லாம் இந்த வீட்டுல பச்சதான்"னு குத்துதா. எனக்கு வந்த கோவத்துக்கு, "நீலத்துல சொருகுட்டி"ன்னேன். மருமவ போன்ல என்னத்தையோ தேடிப் பாத்துட்டு, "பெரியத்த சொல்லுதது சரிதான், பச்சயிலதான் சொருகணுமாம்"ங்கா. எம் மொகம் எப்பிடி ஆயிருக்கும்னு நீயே பாத்துக்கோ.

சொருகுனா, மொதல்ல நாதசுரம் கேட்டுச்சு. அப்பிடியே ஒடம்பு சிலுத்துப் போச்சு பிள்ள. பொறவு படம் வந்து. எம் மவ மணவறையில உக்காந்திருக்கா, ஒல்லியா, கழுத்து மறையற மால. அவளுக்குப் பின்னால நானும் மைனியும் ஒண்ணு போல நிக்கோம். ஆனா ஒரு பொட்டுக் கலரு இல்ல! அந்தக் காலத்துச் சினிமா கணக்கா கறுப்பும் வெள்ளயும்.

மைனி எந்திரிச்சு டிவிக்கிட்டயே போயிட்டா. "அன்னா பாரு, பச்ச!"ங்கா.

"எங்க மைனி பச்ச? கண்ண நல்லாத் தொடைங்க, அது அரக்கு"ங்கேன்.

"ஏட்டி, எனக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணிப் புதுக் கண்ணு வச்சிருக்கு. ஒனக்குத்தான் கண்ணுல பொற."

"புதுக் கண்ணு பழைய சேலயப் பாத்துச்சாக்கும்?"

எங்க வீட்டுக்காரவ அதுவரைக்கும் பேப்பருக்குள்ள இருந்தாவ. அவுகள ரெண்டு பேரும் இழுத்தோம். டிவிய ஒரு தரம் பாத்தாவ, அக்காவ ஒரு தரம் பாத்தாவ, என்னைய ஒரு தரம் பாத்தாவ. "எனக்கு ரெண்டும் கறுப்பாத்தான் தெரியுது"ன்னுட்டு, துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டாவ. காலையில ஒரு குளி குளிச்ச மனுசன்!

மருமவ மட்டும் விடல. ரிமோட்ட வச்சு அமுக்கி அமுக்கிப் பாக்கா. பச்ச ஓட்டைக்கு ரெண்டு சோலியாம். பச்ச, நீலம், சிவப்புன்னு மூணு வயரு வழியா படம் வந்தாலும் அதுலதான், ஒத்த மஞ்ச வயரு வழியா வந்தாலும் அதுலதான். வாறது எதுன்னு நாமதான் டிவிக்குச் சொல்லணுமாம், இல்லன்னா கலரு வராதாம். அவ எதையோ மாத்துனா. படம் ஒரு நிமிசம் காணாமப் போச்சு. திரும்ப வந்து பாரு, பந்தல் வாழ பச்சயா, குத்துவெளக்கு தகதகன்னு, எம் மவ கூறச்சேல செக்கச்செவேல்னு!

மைனி ஒடம்புல அரக்குப் பட்டு. நான் சொன்னாப்புல அதே அரக்கு, கட்டங்கட்டமா சரிக. நான் வாயத் தொறக்கப் போனேன், அதுக்குள்ள மைனி, "ஏட்டி, நீ என்ன கட்டியிருக்க?"ன்னா.

அப்பந்தான் நான் என்னையவே பாக்கேன். கிளிப்பச்சப் பட்டு! மைனி எனக்குக் குடுத்த அதே சேல! அவ பச்சயக் கல்யாண வீட்டுல பாத்தது நெசந்தான், என் ஒடம்புல பாத்திருக்கா.

மைனி திரும்பி என்னைய ஏற எறங்கப் பாத்தா. அப்பறம் பைய கேக்கா, "மவ கல்யாணத்துக்கா நான் குடுத்ததக் கட்டிக்கிட்டு நின்ன?"

"ஆமா மைனி. நீங்க குடுத்ததுலா"ன்னேன்.

நீ யார்ட்டயும் சொல்லிராத. எனக்குன்னு அன்னைக்கு எடுத்த புதுச் சேலைக்கு ஜாக்கெட்டு தச்சவன் கைய இறுக்கமா வச்சுட்டான், முழங்கைக்கு மேல ஏறல. அதான் இருந்ததுல நல்லது எதுன்னு பீரோவுல பாத்து அதக் கட்டுனேன். எனக்கே அது டிவியில பாத்த பொறவுதான் ஞாவகம் வந்து. ஆனா பாத்துக்கோ, நல்லதுன்னு கை போனது அதுமேலதான! அது பொய்யில்லியே.

மைனி மறுபடி மறுபடி, "அந்த எடத்தத் திருப்பிப் போடு"ங்கா. மருமவ அலுக்காமப் போட்டா. அப்பந்தான் அந்தச் சிரிப்பு. "அரக்கு எனக்கு எடுப்பாத்தாம்ட்டி இருக்கு, பொல்லாதவ, நல்ல சேலயாத்தான் எடுத்திருக்க. அதப் போயி சரிகைக்காரன்ட்ட போட்டேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. தண்ணி குடுக்கப் போன மருமவகிட்ட, "பந்தக்கால் காலையில எத்தன மணிக்குன்னு பத்திரிக்கையில போடலயே, நான் எந்த பஸ்ஸ பிடிக்க?"ன்னு அதட்டலாக் கேக்கா. மருமவ அடுப்படியில போயி நின்னு ஒரு மூச்சு அழுதுட்டு வந்தா. இது வேற அழுக.

மைனி இன்னும் ஊருக்குப் போகல பிள்ள, உள்ளதான் சீடி பாத்துக்கிட்டு இருக்கா. சாயங்காலம் டவுணுக்குக் கூட்டிட்டுப் போயி சேல எடுத்துக் குடுக்கணும், இந்தத் தடவ கலர அவளே சொல்லட்டும். மத்தியானத்துக்குச் சொதி வேணும்னுட்டா. தேங்காயோட மொதப் பால ஊத்திட்டு, கொதிக்க விடாத, பாத்துக்கோன்னு மருமவட்ட சொல்லிட்டு வந்தேன், அவ என்னடான்னா அங்கன மைனிகூடச் சேந்து சிரிச்சுக்கிட்டு இருக்கா! ஏட்டி, அடுப்பக் கொறச்சியா? திரிஞ்சிரப் போவுது, இரு இரு, இன்னா வாரேன்…