வாய்க்காலுக்கு அப்பால் இருபத்தொரு வீடுகள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து முப்பத்தொரு நாள் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். கூடப்பிறந்தவள் நீதானே என்று சொல்லி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். நான் தையற்காரி. அளவெடுக்கத் தெரியும், வெட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே இதில் அலங்காரத்தை எதிர்பார்க்க வேண்டாம். "அணையா விளக்கு", "ஈடுசெய்ய முடியாத இழப்பு" போன்ற வசனங்களை அச்சகத்தில் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். எடுத்துவிடச் சொன்னேன். அக்கா பார்த்திருந்தால் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருப்பார்.

அக்கா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். கலவரத்துக்குப் பயந்து அப்பாவும் அம்மாவும் ஒரு பெட்டியோடு வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஏழு வயது. முதலில் கனகராயன்குளத்தில் ஒருவருடைய காணியில் கூலிவேலை செய்தார்கள். பிறகு துணுக்காய்ப் பக்கம் வந்து பற்றை வெட்டிக் குடிசை போட்டார்கள். எங்களைப் போல் வந்த இன்னும் இருபது குடும்பங்கள் பக்கத்தில் குடியேறின. நான் அந்தக் குடிசையில் பிறந்தவள்; அக்காவுக்குப் பத்து வயது இளையவள். நெற்காணியும் கல்வீடும் உள்ளவர்கள் வாய்க்காலுக்கு இப்பால் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்கள். நாங்கள் வாய்க்காலுக்கு அப்பால். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். கூப்பிட்டவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் பிள்ளை அக்கா. படிக்கும்போதே அவருக்கு இரண்டு பேச்சு வந்துவிட்டது. வெளியே போனால் "ஓம் ஐயா, வாறன்" என்பார். வீட்டுக்குள் வந்தால் அம்மாவோடும் என்னோடும் பழைய தோட்டத்துப் பேச்சுத்தான். நாங்கள் பகிடி பண்ணுவோம். "வேலைக்கு ஒரு சீல, வீட்டுக்கு ஒரு சீல. அதுல என்னா தப்பு?" என்று கேட்பார்.

போரின் கடைசி இடப்பெயர்வில் அப்பாவை இழந்தோம். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னார், எழுதவில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது குடிசை இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. அக்கா மணம் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிடுவார்.

மீள்குடியேற்றத்தின் பின் அவர் கிராம அபிவிருத்தி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தார். எங்கள் ஊரும் அயலிலுள்ள நான்கு ஊர்களும் அவர் பொறுப்பில் இருந்தன. வீட்டுத்தோட்டம், கறவை மாட்டுக் குழு, முன்பள்ளி, மாதர் சங்கம் என்று எல்லாவற்றிலும் அவர் தலை தெரியும். மாரியில் சேற்றுக்குள் மோட்டார் சைக்கிளோடு விழுந்து எழும்பி, அதே கோலத்தில் வந்து கூட்டம் நடத்தியிருக்கிறார். வெளிநாட்டார் பார்வையிட வரும் நாளில் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுப்பார்: "தயவுசெய்து கலியாணச் சீலை கட்டிக்கொண்டு வராதேங்கோ. இவைக்கு ஒண்டும் தேவையில்லையெண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம்."

அவருடைய வேலை முறையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு ஊரில் எதையாவது கட்டுவதற்கு முன் ஊரவரைக் கூப்பிட்டு நிலத்தில் ஊர்ப்படம் போடச் செய்வார். செங்கட்டித் தூளால் ரோட்டு, சாம்பலால் வாய்க்கால், கிணறு இருக்கும் இடத்தில் தேங்காய்ச் சிரட்டை. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. அவரவர் வீட்டுக் கொட்டையை அவரவரே வைக்க வேண்டும். வேறு ஆள் வைக்கக் கூடாது, உத்தியோகத்தர் தொடவே கூடாது. "நான் வைச்சா அது என்ர ஊராப் போயிடும். நீங்கள் வையுங்கோ" என்பார். இந்தச் சட்டத்தை நிறுவனம் சொல்லிக் கொடுத்ததா, அவரே போட்டுக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

எங்கள் ஊருக்குப் பொதுக்கிணறு ஒன்று வந்தபோது முன்பள்ளி முற்றத்தில் படம் போட்டார்கள். பிற்பகல் மூன்று மணி. எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் கச்சான் கடலை பிடுங்கும் கூலிக்குப் போயிருந்தது. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே அந்தப் பக்கம் ஒரு கொட்டையும் விழவில்லை. அவர்களை என்ன செய்வது என்று அக்கா கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம் கேட்டாராம். "அவைக்குக் காணிப் பெர்மிற்றும் இல்லைத்தானே பிள்ளை. வேற திட்டத்தில பாப்பம்" என்றாராம் அவர். அக்கா படத்தைக் கடதாசியில் பிரதி எடுத்தார். அடியில் "வாய்க்காலுக்கு அப்பாலுள்ளோர் சமுகமளிக்கவில்லை" என்று எழுதினார். கொட்டைகள் நெருக்கமாக இருந்த இடத்தின் நடுவில் கிணறு வந்தது. கல்வீடுகளின் நடுவில்.

அந்தக் கிணற்றிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் அணையால் நடந்து, பாலத்தால் சுற்றி, ஏறத்தாழ ஒரு மைல் வர வேண்டும். நான் ரோட்டோரத் தையற்கடைக்குப் போகும் முன் சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவேன். அது சமைக்கத்தான் காணும். மிச்சத்துக்கு அம்மா குடத்தோடு போவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். ஒரு மழை நாளில் அணையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. பொருத்தினார்கள். ஆனாலும் கோணலாகத்தான் பொருந்தியது. இன்றும் அவரால் அந்தக் கையால் தேங்காய் துருவ முடியாது.

அன்று அக்கா வீட்டுக்கு வந்தபோது நான் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். எங்கள் வீட்டை விட்டது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம், சொந்த வீடு என்று சொல்லுவார்கள். மற்ற இருபது வீடும் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அக்கா தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார்.

"எல்லாம் நம்ம சனம்டி," என்றார். "ஒரு வீட்ட வச்சாலும் இருபத்தொன்ன வச்சாலும் தன் ஆளுங்களுக்குச் செய்யுறான்னுதான் சொல்லுவாங்க. பயந்துட்டேன்."

பயந்துவிட்டேன் என்று அக்கா சொன்னதை என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் கேட்டேன். ஆனாலும் நான் இரங்கவில்லை. அதன்பின் ஒன்றரை வருடம் அவரோடு பேசவில்லை. வேலையிடத்தில் தங்கியிருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் அம்மாவுக்கு எண்ணெய்ப் போத்தலுமாக வருவார். நான் பின்வளவுக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒனக்கு என்னாடி இவ்ளோ கோவம்? கை ஒடஞ்சது எனக்கு" என்பார்.

அக்கா செய்தது இது. அம்மா விழுந்ததற்கு அடுத்த பொதுக்கூட்டத்தில், ஊரவர்களும் நிறுவனத்தின் இணைப்பாளரும் இருக்கும்போது, எழுந்து நின்றார். எங்கள் பக்கத்துச் சனமும் அன்று வந்திருந்தது. அதற்கென்றே கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தார்.

"அந்தப் படம் பிழை," என்றார். "அங்கால இருபத்தொரு வீடு இருக்கெண்டு எனக்குத் தெரியும். என்ர அம்மா அங்கதான் இருக்கிறா. ஒருத்தரும் வரேல்லை எண்டு ஒரு வரி எழுதிப்போட்டுக் கையைக் கழுவிட்டன். பிழை என்னுடையது. வேற ஆரையும் கேக்காதேங்கோ."

சங்கத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் வம்பு, கரைச்சல் பிடிக்காது. "இதை இப்ப சொல்லி என்ன பிள்ளை? கிணறு கட்டி முடிஞ்சுது. தூக்கிக்கொண்டு போய் அங்கால வைக்கேலுமோ?" என்றார்.

"கிணத்தை ஏலாது ஐயா. படத்தை மாத்தலாம்."

மாற்றினார்கள். அன்றைக்கே, லாம்பு வெளிச்சத்தில், எங்கள் பக்கத்து இருபத்தொரு வீட்டாரும் ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டை வைத்தார்கள். அம்மா கட்டுப் போட்ட கையோடு போய் வைத்தார். நான் போகவில்லை; தலையிடி என்று படுத்திருந்தேன். அக்காவை நிறுவனம் களத்திலிருந்து எடுத்து இரண்டு வருடம் அலுவலகத்தில் இருத்தியது. கோவைகளுக்கு, கோப்புகளுக்கு இலக்கம் போடும் வேலை. வாயைத் திறந்து ஒரு முறைப்பாடு சொல்லவில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது கிணறு எங்கள் பக்கத்தில் வெட்டப்பட்டபோது அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மண் சுமந்தார். இப்பாலிருந்தும் சிரமதானத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சங்கத் தலைவர் வீட்டிலிருந்து தேத்தண்ணீர் வந்தது. நான் அக்காவோடு மறுபடி பேசத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். "மண்வெட்டியத் தாங்க" என்றேன். அவர் தந்தார்.

மீண்டும் களத்துக்கு வந்த பிறகு அவருடைய முறை மாறியது. எந்த ஊருக்குப் போனாலும் கடைசி வீட்டிலிருந்துதான் தொடங்குவார். கூட்டத்தில் முதல் கேள்வி "இண்டைக்கு வராத ஆக்கள் ஆர்?" என்பதாக இருக்கும். அந்த வீடுகளுக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்த பிறகுதான் படம் முடிந்தது என்பார். இதனால் வேலை பிந்துகிறது என்று மேலிடத்தில் சொன்னார்கள். பிந்தட்டும் என்றார். பெர்மிற் அலுவலாகப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியாது. இன்று எங்கள் பக்கத்தில் பதினேழு வீட்டுக்குப் பெர்மிற் இருக்கிறது. மிச்சம் நான்கு வீட்டின் கோவையும் அவருடைய மேசையில்தான் இருந்தது. இப்போது யார் பார்க்கிறார்கள் என்று நிறுவனத்தார் இதை வாசித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அக்காவின் நோய் வருத்தம் சென்ற வருடம் தெரிய வந்தது. வவுனியாவிலும் கொழும்பிலும் வைத்தியம் பார்த்தோம். இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி ஏழு கிழமைகள் என் வீட்டில், அம்மாவின் பக்கத்தில் இருந்தார். வந்து பார்த்தவர்களையெல்லாம், எங்கே இருக்கிறீர்கள், தண்ணீர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோவைப் பற்றிக் கேட்டால் கிணற்றைப் பற்றித் திருப்பிக் கேட்பார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரத்தம் தந்தவர்கள், வாகனம் தந்தவர்கள், மருந்து வாங்க ஓடியவர்கள், சுடலைவரை வந்தவர்கள், சமைத்துத் தந்த மாதர் சங்கத்துப் பெண்கள், வாய்க்காலுக்கு இப்பாலும் அப்பாலும் பந்தல் போட்டவர்கள். பெயர்களை எழுதப் போனால் யாரோ ஒருவர் விடுபடுவார். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பிழை ஒருமுறை போதும். எல்லோருக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் என் கணவர், பிள்ளைகளின் சார்பிலும் கைகூப்புகிறோம்.

கட்டுரை இத்துடன் முடிய வேண்டும். ஆனால் மேலே ஒரு வரியை நான் திருத்தியாக வேண்டும்.

வாய்க்காலுக்கு அப்பாலிருந்து அந்தக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று எழுதினேன். அது அக்கா கடதாசியில் எழுதியது. பிறகு சபையிலும் அவர் அப்படியே சொன்னார். அது உண்மையல்ல. நான் போயிருந்தேன். தையற்கடையில் என்னோடு வேலை செய்த இரண்டு பெண்களோடு முன்பள்ளிச் சுவரோரம் நின்றேன். அவர்கள் வேறு ஊர்; என் வீடு வாய்க்காலுக்கு இப்பால், ரோட்டுக்கரையில் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அக்கா கூட்டத்தைப் பார்த்து, "வாய்க்காலுக்கு அங்கால இருந்து ஆராவது வந்திருக்கிறியளோ?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து இன்னொருமுறை கேட்டார். அவரால் வைக்க முடியாது, என்னால் முடியும். நான் நான்கடி நடந்தால் போதும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரைத்தான் நான் வாசலில் மறித்துக் கேள்வி கேட்டேன். ஒன்றரை வருடம் முகம் கொடுக்காமல் இருந்தேன். என்னை எங்கே காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று அந்தக் காலம் முழுக்கப் பயந்தேன். அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன். அம்மாவுக்கு இதுவரை தெரியாது. அம்மா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டும்போது என்னைக் கூப்பிடுங்கள். நான் குசினிக்குள் அடுப்படியில்தான் இருப்பேன்.

அக்கா போவதற்கு நான்கு நாள் முன்பு, தலை வாரிவிடும்போது இந்தக் கதையை எடுத்தேன். கூட்டத்தன்று என்று தொடங்கியதுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ வந்தத நான் பாக்கவே இல்ல. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப போயி மாத்தாத," என்றார்.

மாற்றுகிறேன், அக்கா. நான் வந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.