முதலில் போனை வைக்காத மொன்ஜியா

"என் தளத்துல நம்ம ஆளு முதல்ல போனை வெச்சதா சரித்திரமே கிடையாது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வைக்கவும் மாட்டாங்க."

துனிஸில், எங்கள் கால்சென்டரின் ஆண்டுவிழாவன்று, எலுமிச்சைச் சாறும் கையுமாக நாற்காலி மேல் ஏறி நின்று மொன்ஜியா இப்படிப் பிரகடனம் செய்தார். பாரிசிலிருந்து வந்திருந்த இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் நாங்களும் எழுந்தோம். அடுத்த மாதமே அந்த வாக்கியம் பித்தளைத் தகட்டில் ஏறி, லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது.

எங்கள் தொழில் எளிமையானது. பிரான்சில் யார் வீட்டிலாவது வாஷிங் மெஷின் நின்றுபோனால், துனிஸில் நாங்கள் போனில் திட்டு வாங்குவோம். அதை வாங்கிக்கொள்வதற்கென்றே ஆளுக்கொரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. மொன்ஜியா பதினோரு வருஷம் 'காத்ரீன்' என்ற பெயரில் வாங்கி, அந்தத் தகுதியில் நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர் ஆனவர். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அவர் அருளும் உபதேசம் ஒன்றுதான்.

"திட்டு ஒனக்கில்லம்மா, சோஃபிக்கு. சாயங்காலம் சோஃபியை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போ."

காத்ரீனைப் பதினோரு வருஷம் ஆணியில் மாட்டியவரின் மேசை இழுப்பறையில் மூன்று வகை வயிற்று மருந்து இருந்தது. தூக்கத்தில் பல்லை நறநறத்துத் தேய்த்துவிடாமல் இருக்க, பல் மருத்துவர் செய்துகொடுத்த உறையும் இருந்தது. கேட்டால், எல்லாம் கடல்காற்று பண்ணுகிற வேலை என்பார். யாராவது அழுதால் அவரிடம் ஒரே வைத்தியம்: "கீழ போயி ஒரு ஃப்ரிகாஸே சாப்பிட்டு வா." பொரித்த ரொட்டிக்குள் சூரை மீனும் மிளகாய் விழுதும் அடைத்துத் தரும் அந்தக் கடைக்காரர், எங்கள் கண்ணீரில் சொந்த வீட்டுக்கு இரண்டாவது மாடி கட்டினார்.

பாரிசும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஊழியர் மனநலம் காக்க ஒரு பெட்டி வந்தது. பிசைந்து பிசைந்து மன அழுத்தத்தை வெளியேற்ற நாற்பது ரப்பர் பந்துகள். கூடவே ஒரு பலகை. காலையில் வந்ததும் அவரவர் பெயருக்கு நேரே சிரித்த முகமோ அழுத முகமோ ஒட்ட வேண்டும். அழுத முகம் ஒட்டினால் காரணத்தை மூன்று பக்கப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து வட ஆப்பிரிக்காவிலேயே மகிழ்ச்சியான இடம் எங்கள் தளம்தான்.

அந்த சோஃபியின் சொந்தப் பெயர் ரீம். வயது இருபத்தாறு. பிரான்சின் லீல் நகரத்துக் கனவான் ஒருவர் தினமும் அவளையே கேட்டு வாங்கித் திட்டுவார். எவ்வளவு திட்டினாலும் நாங்கள் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. மூன்று முறை துண்டித்தால் வேலை போய்விடும். ஒரு திங்கட்கிழமை ரீம் மூன்றாவது முறையாகத் துண்டித்தாள். மேலாளர் ஸ்லீம் நீக்கல் கடிதத்தை அடித்து, மொன்ஜியாவின் கையெழுத்துக்கு அனுப்பினார்.

அன்று மதியமே ரீமின் அம்மா சல்ஹா வந்து நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி 'லெல்லா' என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"லெல்லா மொன்ஜியா, என் பொண்ணுக்கு என்னத்தக் குடுத்து வெச்சிருக்கீங்க?"

"நாங்க என்னக்கா, ஆஸ்பத்திரியா நடத்துறோம்?"

"கடைக்காரன் ரொட்டி தீந்துபோச்சுன்னான். 'உங்க சிரமம் புரியுது ஐயா, மன்னிக்கணும்'ங்கிறா, பிரெஞ்சுல. ரொட்டி இல்லாதது அவன் கடையில."

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

"நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளையோட அம்மா 'சம்மதமாம்மா'ன்னு கேட்டா, 'வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்'னாளே. அதுவும் மரியாதையா?"

மொன்ஜியா சிரித்துவிட்டார். சல்ஹா சிரிக்கவில்லை.

"சாப்பிட உக்காந்தா கரண்டி தட்டுல தாளம் போடுது. போன வாரம் ரீம்னு கூப்பிட்டேன், திரும்பல. சோஃபின்னு கூப்பிட்டேன். உடனே 'சொல்லுங்க'ங்கிறா."

நீக்கல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் அழைப்புப் பதிவுகளைக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கையெழுத்துக்குக் காது எதற்கு? மொன்ஜியா கேட்டார். ஒரு ஃப்ரிகாஸே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லீல் கனவானின் பதினான்கு அழைப்புகளையும் கேட்டார். ஒன்பதாவதில் அந்தக் கனவானே சொல்கிறார்: மெஷின் மூன்று வாரமாக நன்றாக ஓடுகிறதாம், இன்றைக்குப் பொழுது போகவில்லையாம், அதனால்தான் கூப்பிட்டாராம். மொன்ஜியாவின் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு ஃப்ரிகாஸே தொடப்படாமல் குப்பைக்குப் போனது.

"கையெழுத்து ஆச்சா, லெல்லா மொன்ஜியா?" என்றார் ஸ்லீம்.

"ஆகல தம்பி. விதியை மாத்து. திட்டுறவனை ரெண்டு தடவை எச்சரிக்கணும். மூணாவது தடவை போனை வெச்சிடலாம். வெச்சவங்க பத்து நிமிஷம் மொட்டைமாடிக்குப் போயிட்டு வரட்டும். படிவம் கிடிவம் எதுவும் கிடையாது."

"நீங்க சொன்னதுதான் வெளிய பித்தளையில தொங்குது."

"பித்தளைக்குக் காது கிடையாது. ஒனக்கு இருக்கு. இந்த ஹெட்ஃபோனை மாட்டு."

மேலாண்மைப் படிப்பில் பரிசு வாங்கியவர் ஸ்லீம். நான்கு நிமிஷம் தாக்குப்பிடித்தார். ஐந்தாவதில் அவர் கை மேசைமேல் தானாக ரப்பர் பந்தைத் தேடியது.

"என்ன இது, அம்மாவையெல்லாம் இழுக்கிறான்?"

"ஒன் அம்மாவையா இழுத்தான்? சோஃபியோட அம்மாவைத்தானே? ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போ, தம்பி."

கடிதம் கிழிந்தது. ரீமுக்கு மூன்று வாரம் சம்பளத்தோடு ஓய்வும் மருத்துவரும் கிடைத்தன. புது விதிக்கு ஒரு மாத வெள்ளோட்டம். "மாசக் கடைசி வரைக்கும் ஒருத்தரும் வைக்கலைன்னா, இது தேவையில்லைன்னு பாரிசுக்கு எழுதிடுவேன்" என்றார் ஸ்லீம்.

மாபெரும் வெற்றி. அன்று மொன்ஜியாவை நாங்கள் தோளில் தூக்காததற்கு அவருடைய எடை மட்டுமே காரணம்.

ஆனால் ஒருவரும் வைக்கவில்லை. விருந்தாளிக்கென்று அலமாரியில் பூட்டிய கோப்பை போல, உரிமையைத் துடைத்துத் துடைத்து வைத்தோமே தவிர எடுத்துக் குடிக்கவில்லை. ரீம் துண்டித்ததெல்லாம் தாங்க முடியாமல்; வேண்டுமென்றே, மொன்ஜியாவின் தளத்தில் அவர் கண்ணெதிரே முதலில் போனை வைக்கிற துணிச்சல் யாருக்கு வரும்? நாள் முழுக்கத் திட்டு வாங்கினோம், விதியை மனதுக்குள் பாராட்டினோம். ஸ்லீமின் திரையில் கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது.

கடைசி நாள், வெள்ளிக்கிழமை. ஓய்வு முடிந்து வந்திருந்த ரீமுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே திரும்பினாளாம். பத்தரைக்கு லீலிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு தடவை எச்சரித்தாள். பொத்தான் வரை போன விரல் அங்கேயே நின்றது.

"முடியல லெல்லா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ எந்திரிம்மா."

மொன்ஜியா உட்கார்ந்தார். பதினோரு வருஷம் உட்கார்ந்து பழகிய உடம்பு, நாற்காலி முனகியது. நாங்கள் அவரவர் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லி, அவர்களைச் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு எட்டிப் பார்த்தோம்.

"வணக்கம் ஐயா. மொன்ஜியா பேசறேன்."

சொந்தப் பெயர். அந்தத் தளத்தில் அதுவரை யாரும் தன் பெயரைப் போனில் உச்சரித்ததில்லை. மறுமுனை கொஞ்சம் திகைத்து, பிறகு பழைய உற்சாகத்தோடு ஆரம்பித்தது. மொன்ஜியா அழகான பிரெஞ்சில் ஒருமுறை எச்சரித்தார். இன்னும் அழகான பிரெஞ்சில் இரண்டாம் முறை எச்சரித்தார். மூன்றாம் முறை குரலை உயர்த்தவில்லை. ஒரு நொடி கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு நல்ல நாளா அமையட்டும், ஐயா."

பொத்தானை அழுத்தினார். அதற்குச் சத்தம்கூட இல்லை. ஸ்லீமின் திரையில் பூஜ்யம் ஒன்றாயிற்று. மொன்ஜியா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்து, "பத்து நிமிஷம் இருக்கு, வா" என்று ரீமின் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் படியேறினார்.