பாதிச் சாப்பாட்டில் போனவன்

2009இல் லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் என்னோடு கோப்பை கழுவிய பிலிப்பைன்ஸ்காரர் அவர். கட்டையான மனிதர். எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்து போனால், போகிறவருக்கு வழியில் ஆபத்து வராதிருக்க, தங்கள் ஊர் வழக்கப்படி தன் தட்டை மேசையில் ஒருமுறை சுற்றிவிடுவார்.

ஒருநாள் நாங்கள் சாப்பிடும்போது அவருடைய மனைவி பிலிப்பைன்ஸிலிருந்து போன் செய்தார். பிள்ளைகளோடு கடலோரக் கிராமமொன்றுக்குப் போயிருந்தார்.

"வாழையிலையில சோறு, சுட்ட மீன், புளிச் சூப்பாம். வேணுமெண்டு சொல்லிக் காட்டுறா, அண்ணை," என்று சிரித்தவர், மனைவி அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சட்டென்று போனை வைத்தார்.

"மகன் பாதிச் சாப்பாட்டில எழும்பி வள்ளத்தில போயிட்டானாம். ஒருத்தரும் தட்டைச் சுத்தேல்லை. அங்க காத்தும் பலமாம்."

"நீங்கள் இங்க சுத்தினால் காணாதோ?"

"காணாது. அந்தச் சாப்பாட்டில இருந்தவைதான் சுத்த வேணும்."

போன் மறுபடி அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. வாய் திறந்து யாரிடமும் விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.