அவன், அவள் இல்லாத மொழி

கொரோனா முடிந்து விமானங்கள் மறுபடி வழக்கம்போல் ஓடத் தொடங்கிய சமயம். சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் இருக்கும் ஒரு சின்ன ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கணவரும் யூகேஜி படிக்கும் மகளும் திருச்சியில். நான் வாங்கிய சம்பளத்துக்கு அவர்களை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள வழியில்லை.

ஒருநாள் காலை ஃபின்லாந்திலிருந்து ஓர் அம்மா தனியாக வந்து அறை எடுத்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது. 'சாவி கொடு', 'தண்ணீர் கொடு', 'டாக்ஸி கூப்பிடு' என்று எல்லாமே உத்தரவுபோல இருக்கும். ப்ளீஸ் என்ற சொல்லே அவர் வாயில் வராது. சிரிக்கவும் மாட்டார்.

என்னோடு வேலை பார்த்த பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "இந்த ஆன்ட்டி ரொம்ப ரூட் லா. ஒரு ப்ளீஸ் சொன்னா என்ன கொறைஞ்சா போயிடுவாங்க?" என்று இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொல்வாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு ஒரு மதியம், டாக்ஸிக்காகக் காத்திருந்தவர் திடீரென்று என் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "மை சைல்டு. ஷீ நாட் வேக்கிங்" என்றார். சாலை விபத்து, தலையில் அடி, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். பெண்பிள்ளை ஒன்று இந்த ஊரில் வேலைக்கு வந்து, அடிபட்டு, நினைவில்லாமல் கிடக்கிறது. அதற்குப் பிறகு ப்ளீஸ் எல்லாம் யார் கணக்கில் வரும்?

வேலை முடிந்ததும் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போய் அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டு வருவேன். காலையில் அவருக்கு இட்லி வாங்கி வைப்பேன். "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டால், "நாட் வேக்கிங்" என்பார்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் நேராக என்னிடம் வந்து, கையைப் பிடித்து, "ஷீ ஓப்பன் ஐஸ்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே அழுதோம்.

சாதாரண வார்டுக்கு மாற்றியதும் என்னையும் கூப்பிட்டார். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. லிட்டில் இந்தியாவில் நல்ல பச்சை நிறத்தில் கண்ணாடி வளையல்கள் வாங்கிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், கட்டிலில் தலைக்கட்டோடும் தாடியோடும் ஆறடிக்கு ஓர் ஆண் படுத்திருக்கிறார்.

வார்டு மாறி வந்துவிட்டோமோ என்று விழித்தேன். அந்த அம்மா பெருமையாக, "மை சைல்டு" என்றார். நான் கையிலிருந்த வளையலைப் பார்த்தேன். மகனும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அடிபட்ட தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மகன் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வளையல்களைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார்.

மகனுக்கு நல்ல ஆங்கிலம். மெதுவாக விளக்கினார். "எங்க மொழியில அவன், அவள்னு பிரிச்சுச் சொல்றது இல்லைங்க. எல்லாருக்கும் ஒரே சொல்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் பேசும்போது எது வாயில வருதோ அதுதான்."

ப்ளீஸ் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதுக்கும் தனியா ஒரு சொல் கிடையாது. கேக்கிற விதத்துலயே மரியாதை இருக்கும். இங்கிலீஷ்ல அது வராம அம்மா திணறுறாங்க."

வீட்டில் நான் மட்டும் யாரிடம் 'தயவுசெய்து தண்ணி குடு' என்று கேட்டிருக்கிறேன்? நினைத்தபோது கூச்சமாக இருந்தது.

ஹோட்டலில் என் மகள் படத்தை அம்மாவுக்குக் காட்டியிருந்தேன். இப்போது அவர் மகனிடம் ஏதோ சொன்னார். "உங்களுக்கு ஊர்ல ஒரு பொண்ணு இருக்குன்னு சொல்றாங்க. உங்களுக்கு 'இகாவா' இருக்கான்னு கேக்கிறாங்க" என்றார் மகன். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "ஒருத்தர் பக்கத்துல இல்லாத ஏக்கம். நான் ஏங்குறேன்னு சொல்றதைவிட, என்கிட்ட ஏக்கம் இருக்குன்னு சொல்றதுதான் எங்க வழக்கம். நாம செய்ற வேலை இல்லையே அது. தானா வந்து நம்மகிட்ட இருந்துக்குது."

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது மகள் அழைத்தாள். "அம்மா, எனக்கு உன்னைத் தேடுதும்மா" என்றாள். அடிக்கடி சொல்வதுதான். நானும் வழக்கமாக, "அழக்கூடாது, சமத்துல்ல" என்று பேச்சை மாற்றிவிடுவேன். அன்றுதான் அந்தச் சொல் காதில் சரியாக விழுந்தது. நான் தேடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தேடுது என்கிறாள். தேடுவது எது என்று அவளுக்கும் தெரியாது. அதைப் போய் அடக்கு என்று இத்தனை நாளாக ஒரு குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கும் தேடுதுடா கண்ணு. ரொம்பத் தேடுது" என்றேன். "நெஜமாவா?" என்று கேட்டாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அந்த அம்மா மகனை நடத்திக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, இன்னும் திருச்சியில்தான். தூரத்தை என்னால் குறைக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் தேடுவதுபோலவே இந்தப் பக்கமும் தேடுகிறது என்று தெரிந்துகொண்டு தூங்கப் போகிறாளே, அந்த அளவுக்காவது நான் அவள் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.